நொடியில் பாயும் ஆணி



மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், வத்திராயிருப்புச் சாலை பிரியுமிடத்தில் அமைந்துள்ளது கிருஷ்ணன்கோவில். 1984இல் இங்கே தொடங்கப்பெற்ற பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. கட்டடங்கள் பெருகும் ஊரில் தச்சர்க்கும் வேலை பெருகும். கதவு, நிலை, அலமாரி, கட்டில் என எதுவாயினும் ஆணியின்றி முடிவதில்லை. முன்பு உளியும் கொட்டாப்புளியும் மட்டுமே ஒலித்த பட்டறைகள் பலவற்றில் இன்று கம்ப்ரசர் உறுமுகிறது. ‘நெய்ல் கன்’ என்னும் ஆணித் துப்பாக்கி படபடக்கிறது. வளைகுடா நாடுகளில் தச்சுவேலை பார்த்துத் திரும்புவோர்க்கு இது புதிய கருவியன்று. அதன் இயல்பை வீட்டிலுள்ளோரும் அறிந்திருத்தல் நலம். காயம் ஒருவர் கையில் பட்டாலும் அதன் வலி குடும்பம் முழுவதற்கும் அன்றோ!

1950இல் விற்பனைக்கு வந்த கருவி இது. கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் அழுத்தக் காற்று உள்ளிருக்கும் பிஸ்டனைத் தள்ள, அதனோடு இணைந்த தகடு ஆணியின் தலையில் ஓங்கி அடிக்கிறது. கண் இமைக்கும் முன் ஆணி மரத்தில் புதைந்துவிடும். சுத்தியல் தவறினால் விரல் நசுங்கும். இது தவறினால் எலும்பையே துளைத்துவிடும்.

இக்கருவிக்கு இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, விரலால் இழுக்கும் விசை. மற்றொன்று, மரத்தில் அழுத்தினால் மட்டும் உள்வாங்கும் முனை. இவ்விரண்டும் எந்த ஒழுங்கில் இயங்குகின்றன என்பதில்தான் ஆபத்து அடங்கியுள்ளது. முதல் வகையில், முனையை அழுத்திய பின்னரே விசையை இழுக்க வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டு மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டாம் வகையில், விசையை இழுத்துப் பிடித்தவாறே முனையால் தட்டிக்கொண்டு போகலாம். தட்டுந்தோறும் ஓர் ஆணி பாயும். முனை தட்டுவது மரத்தையா, தொழிலாளியின் தொடையையா, அருகில் நிற்பவரின் கையையா என்பதைக் கருவி அறியாது. ஆணி பாய்ந்ததும் கருவி பின்னுக்கு உதைத்து, மீண்டும் முனை பட்டு, எண்ணாத இரண்டாவது ஆணியும் பாய்வதுண்டு.

அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு நிறுவனங்கள் 2011இல் வெளியிட்ட கையேடு கூறுவதைக் கேளுங்கள். அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயங்களுடன் அவசரச் சிகிச்சைக்கு வந்தனர். வீடு கட்டும் தச்சுப் பயிற்சியாளர்களுள் ஐவரில் இருவர், நான்காண்டுப் பயிற்சிக் காலத்திற்குள் காயமுற்றனர். தட்டும் வகைக் கருவியில் காய வாய்ப்பு முதல் வகையைப்போல் இருமடங்கு.

“தட்டும் வகையில்தான் வேலை விரைவாக முடியும், கூலி கட்டுபடியாகும்” என்பர் சிலர். இதுவும் சோதிக்கப்பட்டது. தச்சர்கள் இருவகைக் கருவிகளாலும் ஒரே அளவுள்ள சிறு கொட்டகைகளைக் கட்டிப் பார்த்தபோது, தட்டும் வகையில் ஆணியடிக்கும் நேரம் 10 விழுக்காடு குறைந்தது. ஆயின் மொத்த வேலை நேரத்தில் அந்த மிச்சம் 1 விழுக்காடுகூட இல்லை! இந்தச் சிறு மிச்சத்திற்காகவா விரல்களைப் பணயம் வைப்பது?

எனவே, கருவி வாங்கும்போதே முதல் வகையைக் கேட்டு வாங்குங்கள். முனை தடையாயிருக்கிறதென்று அதைக் கம்பியாலோ ரப்பராலோ கட்டி வைப்பது, காவற்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். கருவியை எடுத்து நடக்கையில் விசையில் விரல் இருத்தல் கூடாது. மரத்தைப் பற்றியிருக்கும் மறுகை, ஆணி இறங்குமிடத்திலிருந்து ஓரடியேனும் விலகியிருக்கட்டும். கணு உள்ள இடத்திலும் பழைய ஆணி புதைந்த இடத்திலும் அடித்தால் ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளிவரலாம், தெறித்தும் வரலாம். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடியின்றிக் கருவியைத் தொடாதீர்கள். காதுக்கும் அடைப்பான் தேவை.

ஆணி சிக்கிக்கொண்டால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். பிறகே முனையில் கை வையுங்கள். காற்றின் அழுத்தம் தயாரிப்பாளர் குறித்த அளவைத் தாண்டலாகாது. கம்ப்ரசர் இல்லையென்று ஆக்சிஜன் சிலிண்டரை இணைப்போர் ஒன்றை உணர வேண்டும்: கருவியே வெடித்து உயிரைப் பறித்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஆணி உடலில் பாய்ந்துவிட்டால்? பதறிப்போய்ப் பிடுங்காதீர்கள். ஆணிகளைக் கோத்திருக்கும் கம்பித் துணுக்குகளும் பசையும் உள்ளே சென்றிருக்கக்கூடும். இழுத்தால் நரம்பும் தசைநாணும் மேலும் கிழியும். அசையாமல் தாங்கிப் பிடித்து, சுற்றிலும் தூய துணி வைத்துக் கட்டி, 108க்கு அழையுங்கள். அல்லது திருவில்லிபுத்தூர், இராசபாளையம் அரசு மருத்துவமனைகளில் அருகிலுள்ளதற்கு விரையுங்கள். இரத்தம் வரவில்லை, வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் தங்கிவிடல் ஆகாது. எக்ஸ்ரேயும் இசிவு நோய்த் தடுப்பூசியும் கட்டாயம் தேவை. 2005இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு தொழிலாளி, பல்வலி என்றெண்ணி ஆறு நாள் பொறுத்திருந்தார். பல் மருத்துவரிடம் எடுத்த எக்ஸ்ரேயில் நான்கங்குல ஆணி மண்டைக்குள் ஏறியிருந்தது தெரிந்தது!

பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு சொல். தொழில் கற்க வரும் பிள்ளை, பெற்றோர் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம். முதல் நாளே இக்கருவியை அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். காற்றில்லாத கருவியில் பழக்கி, அருகிருந்து கவனித்து, பிறகு ஒப்படையுங்கள். கட்டுமான வேலை செய்யும் தச்சர்கள், 18 வயது நிறைந்ததும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளட்டும். விபத்து நேரும்போது குடும்பத்திற்குத் துணை நிற்பது அந்தப் பதிவுதான்.

இல்லத்தரசிகளே! வீட்டை ஒட்டியே பட்டறை இருந்தால், வேலை முடிந்ததும் குழாய் கழற்றப்பட்டதா, கம்ப்ரசரின் காற்று வெளியேற்றப்பட்டதா, கருவி பூட்டி வைக்கப்பட்டதா என்று கேளுங்கள். துப்பாக்கி வடிவிலுள்ள எதையும் விளையாட்டுப் பொருளாகவே எண்ணுவது பிள்ளைகளின் இயல்பு. “அத்தா, கண்ணாடி எடுத்துக்கொண்டீர்களா?” என்று மகள் வாசலில் நின்று கேட்கும் ஒரு கேள்வி, சுவரில் ஒட்டிய பத்து எச்சரிக்கைகளைவிடப் பயன்தரும். இந்தப் பக்கத்தை அவருக்கும் இன்றே வாசித்துக் காட்டுங்கள்.