கதவின் நிறம் மட்டும் போதுமா?

புது வீட்டுக்கு அலமாரி செய்யும்போது குடும்பமே கூடி உட்கார்ந்து கதவின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது. உள்ளே வரும் தட்டுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இருபது வருடம் பாரம் சுமக்கப்போவது அவைதான்.

சென்னை போன்ற கடலோர ஊரில் முதல் எதிரி ஈரம். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு விலை குறைவுதான். ஆனால் ஓரத்தில் தண்ணீர் ஏறினால் உப்பிவிடும், பிறகு திருகாணியும் பிடிக்காது. குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரிக்கு அது கூடவே கூடாது. அங்கே ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளைவுட்டைக் கேட்டு வாங்க வேண்டும். 72 மணி நேரம் கொதிநீரில் இட்டு அதன் ஒட்டுறுதியைச் சோதிக்கிறார்கள். முத்திரையைப் பலகையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது நீளம். பெரும்பாலான வீடுகள் ஏமாறுவது இதில்தான். அதே பலகை, அதே மொத்த எடை. தாங்கல்களுக்கு இடையிலான தூரம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். புடவையும் போர்வையும் அடுக்கும் 18 மில்லிமீட்டர் தட்டுக்கு இரண்டரை அடிக்கொரு தாங்கல் கொடுத்தே ஆக வேண்டும். பழைய வீடுகளில் சுவரில் பதித்த கடப்பாக்கல் தட்டு ஈரத்தில் உப்பாது, கரையான் அரிக்காது. வாடகை வீட்டுக்கு இன்றும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

சட்டை தொங்கவிட இரண்டடி ஆழம் தேவை. மடித்து வைக்க ஒன்றேகால் அடி போதும்.

ஆசாரிக்கு முன்பணம் கொடுக்குமுன் பலகையின் தரம், கனம், தாங்கல் இடைவெளி மூன்றையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.