செத்தால் நாலு லட்சம்! உயிரோடு இருந்தால்?



கத்திரி வெயிலில் மம்சாபுரத்துத் தகரக் கூரையின் கீழ் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மேற்கே மலை தெரியும், குளிர்ச்சி தெரியாது. பகலெல்லாம் காய்ந்த கூரை இரவிலும் அனலைக் கக்கும்.

2011-ல் அரசு இலவச மின்விசிறி தந்தது. நல்லது. ஆனால் அறையே கொதிக்கும்போது விசிறி சூட்டைத்தானே சுழற்றும்? வியர்த்து வியர்த்து உடம்பு வற்றும், இதயம் திணறும், சிறுநீரகம் கெடும். முதலில் சாய்பவர்கள் முதியவர்களும் நோயாளிகளும்தான்.

இது ஆட்சியாளர்களுக்குத் தெரியாதா? தெரியும்! 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு அறிவித்தது. வெயிலுக்குப் பலியானால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. எப்போது? ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு! விழுந்தால் கட்டில், இறந்தால் நிவாரணம். விழாமல் காக்கக் காப்பீட்டில் என்ன இருக்கிறது? இதற்குப் பெயர் காப்பீடா?

நடக்காததையா கேட்கிறோம்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024 மார்ச் முதல், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே, வெப்பம் ஆபத்தாகும் நோயாளிகளின் வீட்டுக்கு ஏ.சி. தந்தது. 'அது பணக்கார நாடு' என்பார்கள். சரி, நம் நாட்டைப் பாருங்கள். 2010 வெயிலில் பலரைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013-ல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையே கொண்டு வந்தது.

யாருக்குத் தருவது என்ற குழப்பமும் வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கி வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பதிவு செய்திருக்கிறது. பட்டியல் அரசின் கையில்! கூரைப் பூச்சையும், கடும் நோயாளிக்குக் குளிர்விக்கும் கருவியையும் காப்பீட்டில் சேர்க்கட்டும். கோடையில் அந்த வீடுகளுக்கு மின்கட்டணச் சலுகை தரட்டும்.

இளைஞர்களே! தெருத் தெருவாகக் கணக்கெடுங்கள். தகரக் கூரை எத்தனை? அதன் கீழ் முதியவர், நோயாளி எத்தனை பேர்? வணிகர்களே! கடைக்குக் கடை கையெழுத்து வாங்குங்கள். ஊரார் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு பேரூராட்சியிலும், திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். வெயில் சாதி, மதம் பார்ப்பதில்லை, கூரையைத்தான் பார்க்கிறது.

பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. காயத்துக்குக் கட்டுத்துணி தரும் வட்டாரம் நம்முடையது. காயம் படுமுன் காப்பாற்று என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? அடுத்த கத்திரிக்கு முன்பே கேளுங்கள்!