கத்தரி படாத பாடல்கள்

முதல் இசைத்தட்டின் உறையில் ஒரு தபால் அட்டை. நியூ ஜெர்சிக் கடற்கரை ஊரான ஆஸ்பரி பார்க்குக்கு உல்லாசமாகப் போகிறவர்கள் வீட்டுக்கு வாங்கி அனுப்பும் வகை. ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில், ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் ஒரு காட்சி. பாடியவரின் முகம் முன்பக்கத்தில் இல்லை. புது ஆளை நியூயார்க்காரராகக் காட்டி விற்க நினைத்த கொலம்பியா நிறுவனத்திடம், நான் இந்த ஊர்க்காரன் என்று அந்த அட்டையை நீட்டியவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அவருக்கு அப்போது 23 வயது. அட்டையில் இருந்த ஊர் அதற்குள் பாதி அழிந்திருந்தது. 1970 ஜூலையில், வேலையும் நல்ல வீடும் கிடைக்காத கோபத்தில் கறுப்பினத்தவரின் மேற்குப் பகுதியில் கலவரம் வெடித்து, ஸ்பிரிங்வுட் அவென்யூ கடைத்தெரு எரிந்துபோனது.

1973-இல் அவர் இரண்டு ஆல்பங்கள் போட்டார். ஜனவரியில் 'கிரீட்டிங்ஸ் ஃப்ரம் ஆஸ்பரி பார்க், என்.ஜே.', நவம்பரில் 'த வைல்ட், த இன்னசென்ட் அண்ட் த ஈ ஸ்ட்ரீட் ஷஃபிள்'. இரண்டையும் 1975-இன் 'பார்ன் டு ரன்'னுக்கான ஒத்திகை என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். அந்தப் பேச்சில் எங்களுக்கு உடன்பாடில்லை.

முதல் தட்டின் கதை 1972 மே மாதத்தில், ஜான் ஹாமண்டின் அலுவலக அறையில் தொடங்குகிறது. பில்லி ஹாலிடேயைக் கண்டெடுத்தவர், பாப் டிலனைக் கொலம்பியாவுக்குக் கொண்டுவந்தவர் ஹாமண்ட். டிலனைத் தேர்ந்தது உங்கள் காதா, குருட்டு அதிர்ஷ்டமா என்று சோதிக்க வந்தோம் என்கிற தோரணையில் மேனேஜர் மைக் அப்பெல் பேச, ஹாமண்டுக்கு எரிச்சல். பையன் உறைகூட இல்லாத இரவல் கிதாரை எடுத்துப் பாட ஆரம்பித்ததும் அந்த எரிச்சல் இறங்கிவிட்டது. ஹாமண்டின் காதில் விழுந்தது கிதாரோடு தனியே நிற்கும் ஒரு பாட்டுக்காரன். ஸ்பிரிங்ஸ்டீனோ பல வருடம் மதுக்கூடங்களில் மின் கிதார் வாசித்து, கூட்டத்தை ஆடவைத்துப் பிழைத்தவர். அந்த இழுபறி தட்டு முழுக்கக் கேட்கிறது. பாண்டு இருக்கிறது, ஆனால் பக்கத்து அறையில் இருப்பதுபோல் இருக்கிறது. 'மேரி குயின் ஆஃப் ஆர்கன்சா' என்ற பாடலை இன்றும் எங்களால் பொறுமையாக முழுதும் கேட்க முடிவதில்லை.

தட்டை உயிரோடு நிறுத்தும் இரண்டு பாடல்கள் கடைசியில் சேர்ந்தவை. கொலம்பியாவின் தலைவர் கிளைவ் டேவிஸ், வானொலியில் ஓடக்கூடியது ஒன்றுமில்லையே என்றார். ஸ்பிரிங்ஸ்டீன் போய் 'பிளைண்டட் பை த லைட்', 'ஸ்பிரிட் இன் த நைட்' இரண்டையும் எழுதிக்கொண்டு வந்தார். கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோன் நுழைவது அங்கேதான். எதுகை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன் என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். எதுகைக்காகப் பொருள் வளைந்து கொடுக்கும் வித்தை நமக்கொன்றும் புதிதில்லை. தனிப்பாடல் திரட்டைப் புரட்டியவர்களுக்கு இந்தப் பையனின் குறும்பு உடனே பிடிபடும். சொல்லை அவர் எண்ணிச் செலவழிக்கவில்லை. சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டிவிட்டார்.

முதல் வருடம் விற்றது சுமார் 25,000 பிரதிகள். (முந்நூறு பிரதி அச்சடித்துவிட்டுக் கட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிற எங்களுக்கு அது கனவிலும் வராத எண், கொலம்பியாவுக்கு அது தோல்வி.) 'பிளைண்டட் பை த லைட்' 1977-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது, ஆனால் அது மான்ஃப்ரெட் மான்ஸ் எர்த் பாண்டின் குரலில்.

இரண்டாவது தட்டுதான் எங்களுக்கு உயிர். அதில் ஏழே பாடல்கள். இரண்டாம் பக்கத்தில் மூன்றே மூன்று, மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 25 நிமிடம். ஸ்பானிஷ் ஜானி என்ற தெருப்பையனின் காதல் முடியும் இடத்தில், மூச்சுவிட நேரம் தராமல் 'ரோசலீட்டா' பாய்ந்து வருகிறது. கம்பெனி பெரிய முன்பணம் கொடுத்துவிட்டது, இனி உன் அப்பாவுக்கு என்ன குறை என்று காதலியிடம் பீற்றிக்கொள்கிறான் பாடுகிறவன். தட்டு விற்காத பாடகனின் வாயில் அந்தப் பீற்றலைக் கேட்டால் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது. அது அடங்கியதும் டேவிட் சான்ஷஸின் பியானோ தனியே தொடங்கும். பத்து நிமிடம் நீளும் 'நியூயார்க் சிட்டி செரனேட்' அது. பாடல் எங்கே போகிறது என்று அவசரப்படுகிறவர்களுக்கு அது ஆகாது.

முதல் பக்கத்தில் 'ஃபோர்த் ஆஃப் ஜூலை, ஆஸ்பரி பார்க்'. சாண்டி என்ற பெண்ணிடம் பேசும் பாட்டென்பதால் எல்லாரும் 'சாண்டி' என்றே சொல்வார்கள். சுதந்திர நாள் வாணவேடிக்கை, கடற்கரையில் சுற்றும் பொறுக்கிகள், கைவிட்டுப் போன ஒரு பரிசாரகப் பெண், போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் ஜோசியக்காரி மேடம் மேரி. கடற்கரைப் பலகை நடைபாதையில் மேடம் மேரி நிஜமாகவே சாவடி போட்டு உட்கார்ந்திருந்தவர். டேனி ஃபெடரிச்சியின் அக்கார்டியன் அந்த ஊர்மேல் உப்புக்காற்றுபோல் படிகிறது. இந்த வாழ்க்கை முடிந்தது, நீயும் கிளம்பு என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு கடையாக நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறான் பாடுகிறவன்.

பாண்டின் 'ஈ ஸ்ட்ரீட்' என்ற பெயரே சான்ஷஸின் அம்மா வீடு இருந்த பெல்மார் ஊர்த் தெருவின் பெயர். சான்ஷஸ் கறுப்பினத்தவர், கிளெமன்ஸும் அப்படியே. 1974-இல் எர்னஸ்ட் கார்ட்டர் டிரம்ஸில் உட்கார்ந்த சில மாதங்கள், ஆறு பேரில் மூவர் கறுப்பினத்தவர். எரிந்த ஊரிலிருந்து கிளம்பிய அந்தக் கூட்டத்தின் இசையில் ஜாஸும் சோலும் ராக்கும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. அந்த ஆகஸ்டில் சான்ஷஸும் கார்ட்டரும் விலகினார்கள். பிறகு வந்த ராய் பிட்டனும் மாக்ஸ் வைன்பெர்கும் அருமையான கலைஞர்கள்தான். ஆனால் அந்தத் தளர்நடை திரும்ப வரவில்லை.

இரண்டாவது தட்டையும் கம்பெனி கைகழுவியது. தட்டு வருவதற்கு முன்பே, 1973 மேயில், கிளைவ் டேவிஸ் வெளியேற்றப்பட்டிருந்தார். உள்ளே குரல் கொடுக்க ஆளில்லை. 1974 மேயில் பாஸ்டன் வார இதழொன்றில் ஜான் லாண்டாவ், ராக் இசையின் எதிர்காலத்தையே கண்டுவிட்டதாக எழுதினார். அடுத்த வருடம் அந்த விமர்சகரே பதிவறைக்குள் கத்தரியோடு வந்து உட்கார்ந்தார். 'பார்ன் டு ரன்' என்ற ஒரே பாட்டுக்கு அதற்கு முன்பே ஆறு மாதம் போயிருந்தது. ஆல்பம் வெளிவந்து, 1975 அக்டோபரில் 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டின் அட்டையிலும் ஒரே வாரத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் முகம். அந்த ஆல்பத்தில் ஒரு சொல்லும் வீணில்லை. மகத்தான ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஊர்ப்பெயர்கள் குறைந்துவிட்டன. மேடம் மேரிக்கு அங்கே சாவடி இல்லை. எங்கள் மேசைக்கு வரும் முதல் கதைகளில் அடிக்கத் துடிக்கும் வரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்த இரண்டு தட்டுகளும் நினைவுக்கு வந்து, பேனா கொஞ்சம் தயங்குகிறது. எப்போதும் தயங்குகிறது என்று சொல்லமாட்டோம். ஒன்பது பக்க முன்னுரைகளும் வரத்தான் செய்கின்றன.

2008 மார்ச்சில் இண்டியானாபோலிஸ் மேடையேறினார் ஃபெடரிச்சி, உடம்பில் புற்றுநோய். எதை வாசிக்கலாம் என்று ஸ்பிரிங்ஸ்டீன் கேட்டார். உலகமெங்கும் அரங்குகள் சேர்ந்து பாடிய பாடல்கள் எத்தனையோ இருந்தன. ஃபெடரிச்சி கேட்டது 'சாண்டி'. அக்கார்டியனை மாட்டிக்கொண்டு வாசித்தார். அடுத்த மாதம் இறந்துபோனார்.