தலைகளை எண்ணினால் போதுமா?

உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டுவிட்டதாக 2022 நவம்பர் 15 அன்று ஐ.நா. அறிவித்ததும், ‘இத்தனை பேரைப் பூமி எப்படித் தாங்கும்?’ என்ற பழைய புலம்பல் மறுபடி கிளம்பியது. காடு அழிகிறதா, யானை ஊருக்குள் வருகிறதா, எதற்கும் ‘ஜனத்தொகை பெருத்துப்போச்சு’ என்று சொல்லிக் கைகழுவுவது நமக்குப் பழகிப்போன வசதி. அதிகாரிகளுக்கு இன்னும் வசதி. ஜனத்தொகையின் மீது யாரும் வழக்குப் போட முடியாதே!

வெறும் தலைக்கணக்கில் மனிதர் ஒரு பொருட்டே இல்லை. உலகில் ஏறத்தாழ 20,000 லட்சம் கோடி எறும்புகள் இருக்கலாம் என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது; ஆளுக்கு 25 லட்சம். கோழிகள் 2,500 கோடிக்கும் மேல். இன்னொரு பக்கம், நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சிகள் சில லட்சம்தான். இந்தியா முழுவதும் புலிகள் 2022 கணக்கெடுப்பின்படி 3,682.

இந்த எண்களை அருகருகே வைத்தால் வியப்பு வருமே தவிர, விளக்கம் வராது. அதற்கு எடைக்கணக்கு வேண்டும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரான் மிலோவும் சகாக்களும் அதைப் போட்டுப் பார்த்தார்கள். 2018-இல் அவர்கள் வெளியிட்ட மதிப்பீட்டில், பாலூட்டிகளின் மொத்த எடையில் மனிதர்கள் 36 சதவீதம். ஆடு, மாடு, பன்றி முதலிய வளர்ப்பு விலங்குகள் 60 சதவீதம். முயல் முதல் திமிங்கிலம் வரை காட்டிலும் கடலிலும் வாழும் மற்ற எல்லாம் சேர்ந்து வெறும் 4 சதவீதம். 2023-இல் அதே குழு தரைவாழ் காட்டுப் பாலூட்டிகளை மட்டும் தனியாகக் கணக்கிட்டது: சுமார் 2.2 கோடி டன். நம் தலைக்கு மூன்று கிலோகூடத் தேறாது. உலகத்து நாய்களின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவு வருகிறதாம்.

ஆக, பூமியில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது மனித உடல்கள் மட்டுமில்லை. நாம் வளர்ப்பவையும் அவற்றுக்குத் தீனி விளையும் நிலமும்தான் பெரும் பங்கு. நாமக்கல் பண்ணைகளின் அடுக்குக் கூண்டில் ஒரு ஏ4 தாளைவிடச் சிறிய இடத்தில் நின்றபடி முட்டையிடுகிறது கோழி. அதன் தீனியில் பெரும்பகுதி மக்காச்சோளம். அந்தச் சோளம் விளையும் வயலைச் சேர்த்துப் பார்த்தால்தான் கோழியின் உண்மையான இடம் தெரியும். சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய தாளவாடி மலை வரை மக்காச்சோளம் ஏறிவிட்டது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் யானை வராமல் என்ன செய்யும்? இரவெல்லாம் பரண்மேல் உட்கார்ந்து பட்டாசு வெடிக்கும் விவசாயியை நாம் குறை சொல்ல மாட்டோம். அவர் வாங்கிய கடனுக்கு யானை பொறுப்பேற்காது.

பாறு கழுகுகளின் கதையையும் ஜனத்தொகைவாதிகள் கேட்க வேண்டும். 1980-களில் இந்தியாவில் கூட்டங்கூட்டமாகத் திரிந்த வெண்முதுகுப் பாறு, சுமார் இருபது ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. காரணம், மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து. அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகு சிறுநீரகம் செயலிழந்து செத்தது. மனிதர் பாதியாகக் குறைந்திருந்தாலும் அந்த மருந்து புழங்கியிருந்தால் பாறுகள் பிழைத்திருக்காது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தார்கள்; தடைக்குப் பிறகுதான் சரிவு வேகம் குறைந்தது. எஞ்சிய பாறுகளில் ஒரு பகுதி இன்று நம் மாயாறுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டுகிறது.

தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2020-இல் 1.4. மக்கள்தொகை நிலையாக நிற்கத் தேவையான 2.1-க்குக் கீழே நாம் இறங்கி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. பிள்ளைகள் குறைந்ததால் எந்த யானைப் பாதை அகலமானது? மாயாற்றை ஒட்டிய சீகூர் பீடபூமியில் விடுதிகள்தான் பெருகின. அங்குள்ள யானை வழித்தடத்தை மீட்க 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அடுத்த மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், அதே பகுதியில் மசினகுடி விடுதி ஒன்றுக்குள் வந்த யானைமீது டயரைக் கொளுத்தி வீசினார்கள். காதில் தீயோடு அது ஓடும் காட்சி செல்போனில் பதிவாகி ஊரெல்லாம் சுற்றியது. யானை பிழைக்கவில்லை. இப்படிப்பட்ட விடுதிகளுக்கு வருபவர்கள் யாரும் இடநெருக்கடியால் காட்டுக்குக் குடிபெயர்பவர்கள் அல்லர். வார இறுதி விருந்தினர்கள்.

2025-இல், மக்கள்தொகை அடிப்படையில் மறுவரையறை செய்தால் தமிழ்நாட்டின் மக்களவைத் தொகுதிகள் குறைந்துவிடும் என்ற அச்சத்தில், சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று புதுமணத் தம்பதிகளிடம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளைக் குறைத்த மாநிலம் அதனாலேயே தொகுதிகளை இழக்கக் கூடாது என்ற தமிழ்நாட்டின் வாதம் நியாயமானதே. ஆனால் தொகுதிக்காகக் கூடுதலாகப் பெறச் சொல்வதும், காட்டுக்காகக் குறைவாகப் பெறச் சொல்வதும் பெண்களின் வயிற்றைக் கணக்குப் புத்தகமாக்கும் வேலை. இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

அரசு செய்ய வேண்டியவை வேறு. சீகூர் தீர்ப்பை இழுத்தடிக்காமல் முழுமையாக நிறைவேற்ற வேண்டும். காட்டோர விவசாயிக்குப் பயிர் இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். கால்நடை மருந்துக் கடைகளில் தடைசெய்த மருந்து விற்கிறதா என்று சோதனை ஓயக் கூடாது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு யானைகள் 3,063 என்று வனத்துறை பெருமையோடு அறிவித்தது. அடுத்த முறை அந்த எண்ணோடு, வழித்தடங்களில் எத்தனை ஏக்கர் மீட்கப்பட்டது, எத்தனை மின்வேலி அகற்றப்பட்டது என்ற பட்டியலையும் சேர்த்தே வெளியிடட்டும்.