திறந்த கதவும் திறந்த பரீட்சையும்

‘ஓப்பன்’ என்னும் சிறிய ஆங்கிலப் பெயரடைக்குப் பொருள் யாதெனக் கேட்டால், ஆரம்பப் பாடசாலைச் சிறுவனும் ‘திறந்த’ என்று விடையிறுப்பான். விடை பிழையன்று, ஆயினும் போதுமானதும் அன்று. இதனை எனக்கு உணர்த்தியவர்கள் ஒரு தாயும் மகளுமாவர்.

சில ஆண்டுகளுக்கு முன், பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வழியிலுள்ள தோட்டமொன்றில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். உயர்தரப் பரீட்சையில் தேறிய அவ்வீட்டுப் பெண், வர்த்தமானியில் வந்த விளம்பரமொன்றை என்னிடம் நீட்டினாள். ‘திறந்த போட்டிப் பரீட்சை’ என்று அதிற் கண்டிருந்தது. “ஐயா, திறந்த பரீட்சை என்றால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாமா?” என்று வினவினாள். நான் நகைத்தேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற தாயோ நகைக்கவில்லை. “நமக்கு எந்தக் கதவு ஐயா திறந்திருக்கிறது?” என்றாள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு நான்கு நாட்களே இருந்தன.

ஆங்கிலேயன் கதவையும் ‘ஓப்பன்’ என்பான். மனத்தையும், கடிதத்தையும், ஆளில்லாத பதவியையும் அவ்வாறே சொல்வான். நாம் ‘திறந்த கதவு’, ‘திறந்த மனம்’ என்கிறோம். ஆனால் ‘பகிரங்கக் கடிதம்’ என்றே எழுதுகிறோம். ஒளிக்காமற் பேசுபவனை ‘ஒளிவுமறைவற்றவன்’ என்கிறோம். ‘பதவி திறந்திருக்கிறது’ என்பது தமிழாகாது. ‘வெற்றிடம் உண்டு’ என்பதே தமிழ். எல்லாரும் அறிந்த இரகசியம் நமக்கு ‘ஊரறிந்த இரகசியம்’.

இத்தொல்லை தமிழுக்கு மட்டும் உரியதோ எனின், அன்று. தமிழாராய்ந்த அறிஞர் கமில் சுவலபில் (1927–2009) பிறந்த செக் நாட்டு மொழியைப் பாருங்கள். அங்கே திறந்த கதவும் திறந்த மனமும் ‘ஒதெவ்ர்ஷெனீ’ எனப்படும். நம் ‘திறந்த’ என்பதைப் போலவே அதுவும் ‘திற’ என்னும் வினையிற் பிறந்த சொல்லே. ஆனால் ஆளில்லாத பதவிக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘வொல்னீ’. கட்டற்றது என்பது அதன் பொருள். ஊரறிந்த இரகசியத்துக்கோ, பொதுவானது என்னும் பொருள்தரும் ‘வெர்ஷெய்னீ’ என்பதை வழங்குவர். திறந்தவெளியில் நடப்பதை ‘அகன்ற வானத்தின் கீழ்’ நடப்பது என்பர். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று அவர்களும் வைத்துக்கொள்ளவில்லை.

இனி, பரீட்சைக்கு வருவோம். ஏற்கெனவே குறிப்பிட்ட சேவையில் இருப்போர் மட்டும் எழுதுவது ‘மட்டுப்படுத்தப்பட்ட’ பரீட்சை. சேவைக்கு வெளியே இருப்பவரும், விளம்பரத்திற் கூறிய தகைமை உடையவராயின் எழுதக்கூடியது ‘திறந்த’ பரீட்சை. ஆகவே இங்கே ‘திறந்த’ என்றால், ‘தகுதியுடைய யாவரும் வரலாம்’ என்பதே பொருள். இதை விளக்கியதும் மகள் தெளிந்தாள்.

தாயின் வினா இலக்கண வினா அன்று. அரசாங்கப் பதவி வேண்டுவோர் இலங்கைப் பிரசையாக இருத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அன்று ‘திறந்த’ என்று அச்சிட்ட பரீட்சையும் அவர்களுக்கு மூடியே இருந்தது. பல ஒப்பந்தங்களுக்கும் சட்டங்களுக்கும் பின், 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கியது. சட்டம் திறந்த பின்னும், மூடிய கதவைக் கண்டு பழகிய உள்ளம் உடனே நம்பிவிடுமா? விளங்காத ஒரு சொல், திறந்த கதவையும் மீண்டும் சாத்திவிடுகிறது.

அன்று மாலையே மூவருமாக அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். மறுநாள் காலை பதுளைத் தபாற் கந்தோரில் அது பதிவுத் தபாலிற் சேர்ந்தது.

மாணவர்களே, ஒரு சொல்லுக்குப் பொருள் தேடும்போது அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள். அச்சொல் எதனோடு சேர்ந்து நிற்கிறதென்று பாருங்கள். வீட்டில் விளங்காத அரசாங்கக் கடிதம் ஏதேனும் கிடந்தால், இன்றே பெற்றோருக்கு வாசித்துப் பொருள் சொல்லுங்கள். அதன் முடிவுத் திகதியையும் மறவாமற் பாருங்கள்.