பாலும் களியும் போதாது

தாயில்லாத பூனைக்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லாவிப் பக்கம் எந்தத் தெருவிலும் கிடைக்கும் யோசனை இதுதான்: "கொட்டாங்கச்சியில கொஞ்சம் பாலு ஊத்து. பல்லு வந்ததும் சோறோ களியோ பெசஞ்சு வை. பூனைதானே, தானா வளந்துக்கும்." சொல்கிறவர்கள் இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். குட்டியைத் தூக்கிக் குப்பைமேட்டில் போடாமல் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆனாலும் இந்த யோசனையில் சரியென்று சொல்ல ஒரு பகுதிகூட இல்லை. பால் மட்டும் குடிக்கும் பருவத்தைத் தாண்டி, கெட்டியான உணவைத் தின்னப் பழகும் நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் கழிச்சல் கண்டு, வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு தெரிய எத்தனையோ குட்டிகள் போய்விடுகின்றன. "நோஞ்சான், தங்காதுன்னு அப்பவே தெரியும்" என்று குட்டியின்மேலேயே பழியைப் போட்டு அடக்கம் செய்துவிடுகிறோம்.

முதலில், "பால் போதும்" என்பதைப் பார்ப்போம். பசும்பாலில் புரதம் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல். தாய்ப்பூனையின் பாலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் கூடுதல், கொழுப்பும் அதிகம். லாக்டோஸ் என்னும் பால்சர்க்கரை மட்டும் பசும்பாலில்தான் கூடுதல். கணக்கு இங்கேதான் இடிக்கிறது. தேவையான புரதம் கிடைக்க வேண்டுமானால் குட்டி இரண்டு மடங்கு பசும்பால் குடித்தாக வேண்டும். அப்படிக் குடித்தால் அதனால் செரிக்க முடியாத அளவு சர்க்கரையும் கூடவே இறங்கும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, நீரை இழுத்து, கழிச்சலாக வெளியேறுகிறது. நானூறு கிராம் உடம்பிலிருந்து நாள் முழுக்க நீர் வெளியேறினால் மிச்சம் என்ன இருக்கும்? இதைக் கண்டு பயந்து பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கிறார்கள். கழிச்சல் குறைகிறது, குட்டி பட்டினி கிடக்கிறது. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம்தான். அதையும் நீர்க்கவைத்தால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது. ஆட்டுப்பால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். நம் பக்கம் ஆட்டுப்பாலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் புரதமும் பசும்பாலை ஒட்டியே இருக்கிறது, பூனைப்பாலின் அளவுக்கு வராது. பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடர்தான் நாலு வாரத்துக்குட்பட்ட குட்டிக்கு ஏற்றது. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ செல்லப்பிராணிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், இணையத்தில் வரவழைக்கவும் செய்யலாம். பாட்டிலில் கொடுக்கும்போது குட்டியைக் குழந்தையைப்போல் மல்லாத்தக் கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற, தாயிடம் குடிக்கும் அதே நிலையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்கு எதையும் புகட்டாதீர்கள். முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றுங்கள். குளிர்ந்த வயிறு செரிக்காது.

பிஸ்கட்டை நனைத்துக் கொடுப்பது, குழந்தைக்கு வாங்கிய செரலாக்கைக் கரைத்து ஊட்டுவது என்ற பழக்கங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டும் மாவும் சர்க்கரையும். பூனைக்கு இனிப்பின் சுவையே தெரியாது. அந்தச் சுவையை உணரச் செய்யும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது, பல் முளைத்ததும் சோறும் களியும். நம் மாவட்டத்தில் கேழ்வரகின்மேல் இருக்கும் நம்பிக்கை எனக்கும் உண்டு. கல்லாவி, ஊத்தங்கரை வட்டாரத்தில் மானாவாரிக் காட்டில் பாடுபட்டவர்களின் உடம்பைத் தாங்கியது களிதான். ஆனால் அது மனித உடம்பு. கேழ்வரகு மாவில் புரதம் ஏறக்குறைய 7 சதவீதம். தண்ணீர் விட்டுக் கிண்டிக் களியாக்கினால் அதுவும் இன்னும் குறைந்துவிடும். வளரும் பூனைக்குட்டிக்குத் தயாரிக்கும் உணவில் ஈரம் நீக்கிப் பார்த்தால் குறைந்தது 30 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வகுத்துள்ள அளவு. குட்டியின் வயிறு ஓர் எலுமிச்சம்பழம் அளவுகூட இருக்காது. அந்தச் சிறிய இடத்தைக் களியால் நிரப்பிவிட்டால் இறைச்சிக்கு இடமேது?

புரதத்தின் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. மனிதர்களும் நாய்களும் பெரும்பாலும் அதைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்வார்கள். பூனையால் போதிய அளவு தயாரிக்க முடியாது, தின்னும் இறைச்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அரிசியிலும் கேழ்வரகிலும் அது கிடையாது, பசும்பாலில் மிகக் குறைவு. 1975-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தை மட்டும் புரத உணவாகத் தின்ற பூனைகளுக்கு விழித்திரை சிதைந்தது. காரணம் டாரின் குறைவு. இதயத்தசை தளர்ந்து சாகும் நோய்க்கும் அதே குறைவுதான் காரணம் என்று 1987-இல் கலிபோர்னியாவில் நிரூபித்தார்கள். டாரின் கொடுத்ததும் அந்தப் பூனைகளில் பல தேறின. அதற்குப் பிறகுதான் கடைகளில் விற்கும் பூனை உணவில் டாரின் அளவைக் கூட்டினார்கள். நாய்க்கு வாங்கிய உணவைப் பூனைக்கும் போடுகிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்; நாய் உணவு பூனையின் தேவையைக் கணக்கில் வைத்துச் செய்யப்படுவதில்லை. ஆகவே களி தின்னும் குட்டி உயிரோடு இருப்பதாலேயே நலமாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. கண்ணும் இதயமும் கெடுவதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல மாதக்கணக்காகும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். "எங்க அப்பத்தா வீட்டுப் பூனையெல்லாம் பாலும் சோறும் தின்னுதான் பத்து வருசம் இருந்துச்சு. அதுக்கு என்ன சொல்றே?" அந்தப் பூனை அப்பத்தா கண்ணெதிரே தின்றதுதான் பாலும் சோறும். நிலக்கடலை மூட்டை அடுக்கிய அறையிலும் வைக்கோல்போரிலும் அது தின்றது எலி, ஓணான், பல்லி, வெட்டுக்கிளி. ஓர் எலியில் தசையும் ஈரலும் எலும்பும் கொழுப்பும் பூனைக்கு வேண்டிய விகிதத்தில் இருக்கின்றன. பாலும் சோறும் மேல்தீனி. அந்தப் பூனையும் குட்டியாக இருந்தபோது பாலிலிருந்து சோற்றுக்குத் தாவவில்லை. குட்டிகளுக்கு நாலு வாரம் ஆகும்போது தாய்ப்பூனை செத்த எலியைக் கொண்டுவந்து முன்னால் போடும், பிறகு குற்றுயிராகக் கொண்டுவரும். தின்னவும் பிடிக்கவும் பழக்குவது தாய்தான். ஊத்தங்கரை ரோட்டில் லாரியில் அடிபட்டுத் தாய் போய்விட்டால் பாலோடு அந்த எலியும் போய்விடுகிறது. நாம் பாலுக்கு மட்டும் மாற்றுத் தேடுகிறோம், எலிக்கு மாற்றை யோசிப்பதேயில்லை. தாயில்லாத குட்டிகள் இந்தப் பருவத்தில் அதிகம் தோற்பதற்குக் காரணம் இதுவென்றே நான் நினைக்கிறேன்.

"சரி, கறிக்கடையில கால் கிலோ வாங்கி வெறும் கறியே போடுறேன்" என்பவர்களுக்கும் பதில் உண்டு. நல்ல மனசு, ஆனால் அதுவும் குட்டியை முடமாக்கும். எலும்பில்லாத கோழிக்கறி நூறு கிராமில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம், கால்சியம் பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான். வளரும் குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ வேண்டும். உணவில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்கிறது. சில வாரங்களில் குட்டி நொண்டும், கால் வளையும், திண்ணையிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும். தினமும் ஈரல் மட்டும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து அதுவும் எலும்பைத்தான் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். குழம்பிலிருந்து எடுத்த கறியில் சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்கும். இரண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை.

பிறகு எதைத்தான் கொடுப்பது? பூனைக்குட்டிகளுக்கென்று தயாரித்த உணவே அடிப்படையாக இருக்கட்டும். கோரைப்பல் எட்டிப் பார்த்து, காது நிமிர்ந்து, எடை 400 கிராமை நெருங்கினால் குட்டிக்கு ஏறக்குறைய நாலு வாரம். அந்த உணவை வெதுவெதுப்பான பால்பவுடர்க் கரைசலில் ஊறவைத்து, கூழாக மசித்து, தட்டையான மூடியில் வையுங்கள். மூஞ்சியைப் பிடித்துத் தட்டில் அமுக்காதீர்கள். உதட்டில் விரலால் லேசாகத் தடவினால் நக்கிப் பழகும். முதல் சில நாள் மிதித்து உழப்பி மேலெல்லாம் பூசிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வயிறு நிறையாத குறைக்குப் பாட்டிலைக் கொடுங்கள். பாட்டிலை ஒரே நாளில் நிறுத்துவதுதான் பெரிய தவறு. ஐந்து, ஆறு வாரத்தில் நாளைக்கு நாலு வேளை கூழ், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கி, ஏழெட்டு வாரத்தில் முழுக்கக் கெட்டி உணவு. பக்கத்தில் எப்போதும் தண்ணீர். மேலே சேர்க்க, உப்பு போடாமல் வேகவைத்த கோழிக்கறியோ கோழி இதயமோ ஒரு பிடி. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். அணை மீன் வாங்கினால் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். கெண்டையைப் பச்சையாகக் கொடுத்தால் வைட்டமின் பி1 அழியும்.

செலவு என்பார்கள். 600 கிராம் குட்டி ஒரு நாளைக்குத் தின்னும் உலர் உணவு 30 முதல் 40 கிராம். ஒரு கிலோ பை ஏறக்குறைய ஒரு மாதம் வரும். தினமும் பால் வாங்கிக் குட்டியைக் கழியவிட்டு, பிறகு ஊசிக்கு அலைவதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"நல்லா தின்னா எலி பிடிக்காது, பசியில வை" என்பது மிச்சமிருக்கும் ஒரு சொல். 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் அருகே எலியை விட்டபோது, அவை தின்பதை நிறுத்திவிட்டுப் போய் எலியைக் கொன்றன. வேட்டை பசியை நம்பி இல்லை. பட்டினி கிடந்த குட்டிக்கு எலியைத் துரத்தத் தெம்பு இருக்காது.

குட்டியைக் கையில் எடுத்தவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். தெரு முனை மளிகைக் கடையின் எலெக்ட்ரானிக் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஏறாவிட்டாலோ, கழிச்சல் ஒரு நாளைத் தாண்டினாலோ அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். பூச்சி மருந்தையும் அங்கேயே கேளுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது பூனையைக் கொல்லும். மாட்டுக்கும் ஆட்டுக்கும்தானே அந்த ஆஸ்பத்திரி என்று தயங்க வேண்டாம். பூனைக்கும் அங்கே வைத்தியம் பார்ப்பார்கள்.