ஊசிக்கு ஊசி

வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் தமிழகத்தில் தொடர்ந்து வரும் நிலையில், போதைப்பொருளைப் பிடிப்பதில் காட்டப்படும் முனைப்பு, ஒரே ஊசியைப் பலர் பகிர்வதால் பரவும் நோய்களைத் தடுப்பதிலும் காட்டப்பட வேண்டும். பயன்படுத்திய ஊசியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கும் குருதியே, எச்ஐவியையும் கல்லீரலைச் சிதைக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியையும் அடுத்தவர் உடலுக்குள் கொண்டுசேர்க்கப் போதுமானது. பின்னது ஊசிக்குள் வாரக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. பழைய ஊசியைப் பெற்றுக்கொண்டு புதியதை இலவசமாக அளிக்கும் ஊசி மாற்றுத் திட்டம், 1984-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, 1990-களில் மணிப்பூரில் வேரூன்றி, பின்னர் நமது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் அங்கமாயிற்று. இது போதைப் பழக்கத்தை வளர்க்கும் என்ற அச்சம் பெற்றோருக்கு எழுவது இயல்பே எனினும், ஆய்வுகள் அதை மெய்ப்பிக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் இப்பணியைக் குற்றமாகக் கருதலாகாது என்கிறது.

சேர்வராயன் மலையில் நாகலூர் போன்ற ஊர்களில் வாழும் ஒருவர், இத்தகைய உதவி தேவைப்படும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டும் என்ற நிலை கூடாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, காவல்துறை பற்றிய அச்சமின்றி, போதைப்பொருளுக்குப் பதிலாக மருந்து தரும் மாற்று மருந்துச் சிகிச்சையோடு சேர்த்து ஊசி மாற்றுத் திட்டமும் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும்.